மெக்லாஃப்லின்கிட்ட ஸ்பீடை விட்டா வேற என்ன இருக்கு?

ஜனவரி 4, 2025, இரவு 9.10 (வாசகர் ஒருத்தர் கேட்டது)

ஜாகிர் ஹுசைன் போன மாசம் இறந்ததுல இருந்து எங்க பார்த்தாலும் அவர் தபலா வாசிச்ச ஷக்திங்கிற குழுவோட வீடியோதான். நானும் நாலஞ்சு கேட்டுப் பார்த்தேன். தபலா சரி, கடம் சரி, வயலின் சரி. அந்த கித்தார்காரர் ஜான் மெக்லாஃப்லின் மட்டும் தையல் மிஷின் மாதிரி டடடடன்னு போயிக்கிட்டே இருக்கார். கமகம், அதான் ஸ்வரத்தை அசைச்சு வளைக்கிறது, அது கிடையாது, ஒரு ஸ்வரத்துல நின்னு நிதானமா பிடிக்கிறது கிடையாது. நம்ம ஆளுங்க தோள்ல ஏறி உலகப் புகழ் வாங்கிட்டார்னுதான் எனக்குத் தோணுது. இன்னிக்கு அவருக்கு 83 முடியுதாம், ஒரே வாழ்த்து மழை. ஸ்பீடை விட்டா அவர்கிட்ட வேற என்ன இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜனவரி 4, இரவு 11.40

படுக்கப் போறப்ப இதைப் பார்த்துத் தொலைச்சேன், இனி தூக்கம் வராது. அவசரமா ரெண்டு வரி மட்டும்.

தோள்ல ஏறினார்ங்கிறீங்களே, வரிசையே தலைகீழா இருக்கு. 1975ல ஷக்தி ஆரம்பிச்சப்ப அவர் ஏற்கெனவே உச்சாணிக் கொம்புல இருந்த ஆள். அவரோட எலக்ட்ரிக் குழு மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோட ரெண்டாவது ஆல்பம் 1973ல அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 15வது இடம் வரைக்கும் போச்சு, அதுவும் பாடகரே இல்லாம, கை போட்டு எண்ண முடியாத தாளத்துல. அப்படிப்பட்ட ஆள் ஆளுயர ஆம்ப்ளிஃபையரையும் ரெட்டைக் கழுத்து கித்தாரையும் ஓரங்கட்டிட்டு, விரிப்பு மேல சம்மணம் போட்டு மைக்குக்கு முன்னாடி உக்காந்துட்டார். கூட இருந்தவங்க இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனைச்சதா அவரே சொல்லியிருக்கார். மிச்சம் நாளைக்கு.

ஜனவரி 5, காலை 6.50

ஞாயித்துக்கிழமை, கித்தார் கத்துக்க வர்ற பசங்க பத்து மணிக்குத்தான் வருவாங்க, அதுவரைக்கும் எழுதலாம்.

ஆரம்பத்துல இருந்து வர்றேன். இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கம் டான்காஸ்டர்னு ஊர், 1942ல பொறந்தவர். அம்மா வயலின் வாசிப்பாங்க. கித்தார் கைக்கு வந்தது 11 வயசுல. 60கள்ல லண்டன்ல கிரஹாம் பாண்ட் குழுவுல வாசிச்சார், கூட இருந்தவங்க ஜாக் ப்ரூஸ், ஜிஞ்சர் பேக்கர், அவங்கதான் அப்புறம் க்ரீம்ங்கிற ராக் குழுவை ஆரம்பிச்சது. பொழப்புக்கு ஸ்டூடியோவுல கூலிக்கு வாசிக்கிற வேலை. பின்னால லெட் ஸெப்ளின் ராக் குழுவுல பேர் வாங்கின ஜிம்மி பேஜுக்குக் கொஞ்ச நாள் கித்தார் சொல்லிக்குடுத்திருக்கார். கூலிக்கு வாசிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், நான் 14 வருஷம் லைட் மியூசிக்ல வாசிச்சவன், பேப்பர்ல இருக்கிறதை வாசி, காசை வாங்கு, பஸ்ஸைப் பிடி, உன் மண்டைல என்ன ஓடுதுன்னு எவனும் கேக்க மாட்டான்.

1969 ஜனவரில லண்டன்ல தன் பேர்ல முதல் ஆல்பம் பதிவு பண்றார், எக்ஸ்ட்ராபொலேஷன். அடுத்த மாசமே டோனி வில்லியம்ஸ்ங்கிற ட்ரம்மர் கூப்பிட்டார்னு நியூயார்க் போறார். போன கையோட, பிப்ரவரி 18ந்தேதி, ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் ரெக்கார்டிங்ல உக்காந்திருக்கார். ஜோ ஸாவினுல் எழுதின ட்யூன், காகிதம் முழுக்க கார்டு மேல கார்டு (கார்டுன்னா பல ஸ்வரத்தை ஒரே நேரத்துல ஒலிக்க விடறது). மைல்ஸுக்கு அது திருப்தியா வரல. திடீர்னு இவரைப் பார்த்து, கித்தார் வாசிக்கத் தெரியாதவன் மாதிரி வாசின்னுட்டார். இவருக்குக் கை காலெல்லாம் உதறல். கார்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கீழ ஒரே ஸ்வரம் நிக்க, ட்யூனை மட்டும் தடவித் தடவி, ஊர் புதுசா பார்க்கிறவன் மாதிரி வாசிக்கிறார். டேப் ஓடிக்கிட்டிருக்கிறது இவருக்குத் தெரியாது. அதுதான் இன் எ சைலன்ட் வேங்கிற ஆல்பத்துல ரெண்டாவது பக்கத்தோட முன்னாலயும் பின்னாலயும் வருது.

கேள்வி கேட்டவர் முதல்ல அதைக் கேக்கணும். அதுல ஸ்பீடுங்கிற பேச்சுக்கே இடமில்ல.

ஜனவரி 5, மதியம் 2.15

பசங்க போயாச்சு. மஹாவிஷ்ணு பேரைச் சொன்னதும் ஞாபகம் வந்துருச்சு, இது விவாதத்துக்குச் சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

1992, எனக்கு 17 வயசு, திருச்சில ஒரு ரெக்கார்டிங் கடை. பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா கேசட்ல பதிஞ்சு குடுப்பாங்க. கடைக்காரர் எங்கிருந்தோ ஃபாரின் ரெக்கார்டு நாலஞ்சு வாங்கி வெச்சிருந்தார், அதுல மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோட முதல் ஆல்பம் ஒண்ணு. 60 நிமிஷக் கேசட்ல போட்டுக் குடுத்து, மேல பேனாவால தமிழ்ல "மகாவிஷ்ணு"ன்னு மட்டும் எழுதிக் குடுத்தார். நான் அதை டேப் ரெக்கார்டர் பக்கத்துல வெச்சுட்டு ட்யூஷன் போயிட்டேன். மறுநா புரட்டாசி சனிக்கிழமை. அம்மா குளிச்சு, நாமம் போட்டு, மாவிளக்கு ஏத்தி வெச்சுட்டு, புள்ள பெருமாள் பாட்டு வாங்கிட்டு வந்திருக்கான் பாருன்னு கேசட்டைப் போட்டிருக்காங்க. அந்த முதல் ட்ராக் எப்படி ஆரம்பிக்கும்னு கேட்டவங்களுக்குத் தெரியும், இடி விழுந்த மாதிரி நாலு கார்டு, பின்னாடியே ட்ரம்ஸ். பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்து கேஸ் சிலிண்டரான்னு கேட்டாங்களாம். அன்னிக்கு எனக்குச் சாப்பாடு லேட்டாத்தான் கிடைச்சுது.

அந்தப் பேரை அவருக்கு வெச்சது ஸ்ரீ சின்மோய்னு நியூயார்க்ல இருந்த வங்காள குரு. 1970ல இருந்து அஞ்சு வருஷம் போல அவர்கிட்ட சீடர். வெள்ளை ட்ரெஸ், ஒட்ட வெட்டின முடி, கையில ரெட்டைக் கழுத்து கித்தார், அந்த வால்யூம். பாக்கிறவன் மிரளாம என்ன செய்வான்.

ஜனவரி 5, இரவு 10.30

மதியம் எழுதினதுல முதல் குழுவோட வயலின்காரர் பேரை மாத்திப் போட்டிருந்தேன், ஒருத்தர் சுட்டிக்காட்டினார், அந்த வரியை அழிச்சுட்டேன். முதல் குழு: பில்லி கோபம் ட்ரம்ஸ், பனாமாவுல பொறந்தவர். ரிக் லேர்ட் பேஸ், அயர்லாந்து. யான் ஹாமர் கீபோர்டு, செக். ஜெர்ரி குட்மன் வயலின், அமெரிக்கர். ஜான்-லுக் பான்டி வந்தது ரெண்டாவது குழுவுல, 1974ல, லண்டன் சிம்ஃபனியோட பதிவு பண்ணாங்களே, ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பு, அதுல.

முதல் குழு ரெண்டரை வருஷம்கூட நிக்கல. 1973 ஜூன்ல லண்டன்ல ட்ரைடென்ட் ஸ்டூடியோவுல ஒரு ஆல்பம் பதிவு பண்றாங்க, அதுக்குள்ள ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறதில்ல. எல்லாம் நீ எழுதினதையே வாசிக்கணுமா, எங்க ட்யூனும் வேணும்னு மத்தவங்களுக்கு ஆதங்கம். அந்த டேப் பெட்டிலயே கிடந்து 1999லதான் வெளிய வந்துச்சு. குழு 1973 டிசம்பரோட முடிஞ்சுது. இதுல எனக்கு மெக்லாஃப்லின் பக்கம் முழு நியாயம் இருக்கிறதாத் தோணல. ஹாமர், குட்மன் எழுதினதும் நல்லாத்தான் இருக்கு, கேட்டா தெரியும். எங்க ஆர்க்கெஸ்ட்ராவும் இதே மாதிரிதான் உடைஞ்சுது, என்ன, எங்க சண்டை ட்யூனுக்கு இல்ல, பேனர்ல யார் போட்டோ பெருசுன்னு.

ஜனவரி 7, இரவு 9.45

தாளம் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார், "எண்ண முடியாத தாளம்னா என்ன, சும்மா பில்டப்பா"ன்னு.

பில்டப் இல்ல அண்ணே. ரெண்டாவது ஆல்பத்தோட முதல் ட்ராக் 18 எண்ணிக்கை. எப்படிப் பிரிக்கிறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, மொத்தம் 18 வந்து சேர்ந்துரும். முதல் ஆல்பத்துல ஒண்ணு இருக்கு, மாயையோட நடனம்னு அர்த்தம் வர்ற பேர், அது இன்னும் கெட்டிக்காரத்தனம். மெதுவா 10 எண்ணிக்கைல ஒரு பேய்த்தனமான கித்தார், நடுவுல சட்டுன்னு மாறி 20 எண்ணிக்கைல ப்ளூஸ், கடைசில முதல்ல வந்ததை ப்ளூஸ் மேலயே தூக்கி வெக்கிறாங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிக்காமப் போகுது. நான் சின்ன வயசுல ஸ்ரீரங்கத்துல மிருதங்கம் நாலு வருஷம் கத்துக்கிட்டு விட்டவன். ராக் கேக்கிற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் தலையைச் சொறிஞ்சப்ப நான் தொடைல கண்ட சாப்பு, அதான் அஞ்சு எண்ணிக்கைத் தாளம், ரெண்டு தரம் போட்டு உக்காந்திருந்தேன், அன்னிக்கு எனக்கு வந்த திமிர் இருக்கே!

இதுல கவனிக்க வேண்டியது, இதெல்லாம் ஷக்திக்கு முன்னாடி. நம்ம கணக்கு மேல அவருக்கு அப்பவே ஒரு கண்ணு. அப்பவே படிக்கவும் ஆரம்பிச்சுட்டார். அமெரிக்காவுல கனெடிகட்ல வெஸ்லியன் பல்கலைக்கழகம், அங்க டாக்டர் எஸ். ராமநாதன் சொல்லிக்குடுத்துக்கிட்டிருந்தார். நம்ம ராமநாதன்தான், சிலப்பதிகாரத்துல வர்ற இசையை ஆராய்ச்சி பண்ணி அதே பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினவர். அவர்கிட்ட மெக்லாஃப்லின் வீணை கத்துக்கிட்டார். நெனைச்சுப் பாருங்க, ராத்திரி ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி காது கிழியற கச்சேரி, அது இல்லாத நாள்ல போய் ஒரு தமிழ் வாத்தியார் முன்னாடி கைகட்டி சரளி வரிசை. சரளி வரிசைதான் ஆரம்பிச்சாரான்னு என்னைக் கேக்காதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஜனவரி 8, காலை 7.20

ராத்திரி விட்ட இடத்துல இருந்து. அந்த வெஸ்லியன்லதான் எல். சங்கரும் படிச்சுக்கிட்டிருந்தார். வயலின் லக்ஷ்மிநாராயணாவோட மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் தம்பி. சென்னைல பொறந்து யாழ்ப்பாணத்துல வளர்ந்தவர், அப்பா அங்க சங்கீத ஆசிரியரா இருந்தார். ராம்நாட் ராகவனும் வெஸ்லியன்லதான் மிருதங்கம் சொல்லிக்குடுத்தார். ஜாகிர் ஹுசைன் கலிஃபோர்னியாவுல இருந்தார். கடம் வாசிச்ச விக்கு விநாயக்ராம் சாரும் மெக்லாஃப்லினும் சம வயசு, ரெண்டு பேரும் 1942. இவங்களெல்லாம் சேர்ந்ததுதான் ஷக்தி. 1975 ஜூலை 5, நியூயார்க் பக்கம் சவுத்தாம்டன் கல்லூரி, அந்தக் கச்சேரிதான் முதல் ஆல்பம். அன்னிக்கு சங்கருக்கு 25, ஜாகிருக்கு 24.

ஏற்கெனவே பேர் வாங்கின ஆள், 24 வயசுப் பையன் போடற தீர்மானத்துக்கு, அதான் தாளக் கணக்கை முடிக்கிற கோர்வைக்கு, கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது சின்ன விஷயமில்ல. நம்ம சபாவுல எத்தனை பேர் செய்வாங்கன்னு சொல்லுங்க பாப்போம்.

ஜனவரி 8, இரவு 11

ஒரு தம்பி கேட்டிருக்கார், ஷக்தி கித்தார்ல குறுக்க கம்பி ஓடுதே அது என்னன்னு. இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

கிப்ஸன் கம்பெனில ஏப்ரஹாம் வெக்டர்னு ஒருத்தர் அவருக்காகவே செஞ்சு குடுத்த கித்தார். வழக்கமான ஆறு கம்பிக்கு அடியில, சத்தம் வர்ற ஓட்டைக்குக் குறுக்கால, சாய்வா ஏழு கம்பி. இவர் மேல வாசிச்சா அதுங்க தானா அதிரும், வேணும்னா விரலால ஒரு தடவு தடவிக்கலாம். தம்புராவை வயித்துல கட்டிக்கிட்ட மாதிரி. அடுத்த விஷயம்தான் முக்கியம், விரல் வெக்கிற பலகையில ஃப்ரெட்டுக்கு (குறுக்க பதிச்ச உலோகக் கட்டைக்கு) நடுவுல மரத்தைக் குடைஞ்சு எடுத்திருப்பாங்க. ஓடம் மாதிரி குழிஞ்சு இருக்கும். விரல் மரத்துல படாது, கம்பி மட்டும்தான் கைல. வீணைல மெழுகு மேல பித்தளை மெட்டு நிக்கும், கீழ காலி, கம்பியைப் பக்கவாட்டுல இழுத்தா ஸ்வரம் ஏறும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வசதி.

இப்ப என் கதை. 1997, நானும் குடையறேன்னு கிளம்பிட்டேன். ஹார்ட்வேர் கடையில ஒரு அரைவட்ட அரம், நாலு உப்புத்தாள். மொட்டை மாடில உக்காந்து ரெண்டு நாள். முதல் நாலு கட்டம் அழகா வந்துச்சு, ஏழாவதுல கொஞ்சம் ஆழமாப் போயிருச்சு, அதுக்குச் சமமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் ஆழமாக்கினேன். மரத்தூள் பனியனெல்லாம். மூணாம் நாள் ராத்திரி லால்குடி பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. முதல் பாட்டு, முதல் கார்டு, கீபோர்டுக்கும் எனக்கும் ஒத்துப்போகல. ட்யூனரைப் பார்த்தா சரியா இருக்கு, வாசிச்சா அபஸ்வரம். கீபோர்டு வாசிச்ச அண்ணன் என்னை முறைக்கிறார், நான் ட்யூனிங் பிரடையைத் திருகுறேன், அவர் மறுபடி முறைக்கிறார், பாடற பொண்ணு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுவுல நிக்குது.

மூணு பாட்டு கழிச்சுத்தான் புரிஞ்சுது. நான் அழுத்தி வாசிக்கிற ஆளு. சாதாரண கித்தார்ல எவ்வளவு அழுத்தினாலும் மரம் தடுத்துரும். குடைஞ்ச பலகைல தடுக்க ஆள் இல்ல, அழுத்த அழுத்த கம்பி கீழ போயி ஸ்வரம் ஏறிக்கிட்டே போகும். பூவைத் தொடற மாதிரி தொடணும். அன்னிக்கு மிச்ச ராத்திரி முழுக்க ரெண்டு கம்பியை மட்டும் மெல்லமா தட்டி ஓட்டினேன், சம்பளத்துல 50 ரூபா பிடிச்சுக்கிட்டாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சுது. மெக்லாஃப்லின் 33 வயசுல, உலகமே கும்பிடற ஒரு கையை வெச்சுக்கிட்டு, அந்தக் கையை மறந்துட்டு வேற கை பழகியிருக்கார். அதுவும் அந்த வேகத்துல.

ஜனவரி 10, மதியம் 1.05

வைகுண்ட ஏகாதசி, ஸ்ரீரங்கம் பக்கம் போனவங்க யாரும் திரும்பி வரல. வண்டியெல்லாம் சுத்தி விடறாங்க, பசங்க யாரும் க்ளாஸுக்கு வரல. பட்டினியா உக்காந்து பழைய ஆல்பம் கேட்டுக்கிட்டிருக்கேன். கேக்கக் கேக்க ஒரு சந்தேகம். சாயந்திரம் எழுதறேன்.

ஜனவரி 10, இரவு 8.30

சரி, ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கறேன்.

கேள்வி கேட்டவர் சொன்னதுல பாதி உண்மை. 1980 டிசம்பர் 5, சான் பிரான்சிஸ்கோ வார்ஃபீல்டு தியேட்டர், பாகோ டி லூசியா, அல் டி மியோலா, இவர், மூணு கித்தார். 20 லட்சத்துக்கு மேல வித்த ஆல்பம்னு சொல்வாங்க. என் வயசு கித்தார்காரன் எவனைக் கேட்டாலும் இதுதான் வேதம்னுவான், நானும் ஒரு காலத்துல சொன்னவன்தான். இன்னிக்கு கேட்டா அதுல பாதி, ஜனம் கத்தறதுக்காக வாசிச்சது. நீ ஒண்ணு போட்டியா, நான் ரெண்டு போடறேன்னு. பாகோ மட்டும் அப்பப்ப மூச்சு விடறார்.

அடுத்தது கமகம். ஃப்ரெட் வெச்ச வாத்தியத்துல கமகம் முடியாது, அதனால அவரைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு எழுதலாம்னுதான் உக்காந்தேன். எழுதறப்பவே மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஞாபகம் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். மாண்டலின்லயும் ஃப்ரெட் இருக்கு. குட்டி வாத்தியம், கம்பி நீளம் கம்மி, இழுக்க இடமே இல்ல. அதுல அந்த மனுஷன் என்னென்ன பண்ணினார்! 1997ல ஷக்தியை மறுபடி ஆரம்பிச்சாங்க, முதல்ல ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், அப்புறம் ஸ்ரீனிவாஸ், கூட விக்கு சார் பையன் செல்வகணேஷ் கஞ்சிரா. அந்தக் குழுவோட பதிவுல இவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கிற இடம் எதை வேணா எடுத்துக் கேளுங்க. ஸ்ரீனிவாஸ் ஒரு ஸ்வரத்தை ஆட்டினா அது ராகம். மெக்லாஃப்லின் அதையே திருப்பிச் சொன்னா, அழகா இருக்கும், சரியா இருக்கும், ஆனா இங்கிலீஷ்காரர் தமிழ் பேசற மாதிரி இருக்கும். இலக்கணம் தப்பாது, ழகரம் மட்டும் வராது.

இது அவருக்கும் தெரியாம இருக்காது. தெரிஞ்சேதான் பக்கத்துல உக்காந்திருக்கார், வருஷக்கணக்கா. 2014 செப்டம்பர்ல ஸ்ரீனிவாஸ் போயிட்டார், 45 வயசு. அதை நெனைச்சா இதுக்கு மேல எழுத ஓடல.

ஜனவரி 12, காலை 8

"அப்ப நீங்களே தோத்துட்டீங்களே"ன்னு கீழ ஒருத்தர் சிரிச்சிருக்கார். தோத்தா என்ன சார், இது என்ன சட்டசபையா.

நான் முதல்ல சண்டை போட வந்தது வேற விஷயத்துக்கு, தோள்ல ஏறினார்னு சொன்னதுக்கு. அதுல இன்னும் அதே இடத்துலதான் நிக்கறேன். அவர் சரித்திரத்தைப் பாருங்க, எப்பவும் தன்னைவிட ஒரு விஷயத்துல பெரிய ஆளாப் பார்த்துத்தான் பக்கத்துல போய் உக்காருவார். ஜாஸுக்கு மைல்ஸ். ஸ்பெயின் நாட்டு ஃப்ளமெங்கோவுக்கு பாகோ, பாகோ பக்கத்துல நைலான் கம்பி கித்தாரைப் பிடிச்சுக்கிட்டு உக்காரவே ஒரு தைரியம் வேணும். தாளத்துக்கு ஜாகிர், விக்கு சார். ஹாமண்ட் ஆர்கனுக்கு ஜோயி டிஃப்ரான்செஸ்கோ. ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை கோல்ட்ரேன் பாட்டை வாசிக்கணும்னு ஆசை வந்தப்ப, கோல்ட்ரேனுக்கே ட்ரம்ஸ் வாசிச்ச எல்வின் ஜோன்ஸைக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டார், 1995 ஆல்பம்.

80கள் எனக்கு அவ்வளவா ஒட்டாது. சின்க்ளேவியர்னு ஒரு கம்ப்யூட்டர் வாத்தியத்தை கித்தாரோட இணைச்சு வாசிச்சார், இப்ப கேட்டா பழைய தூர்தர்ஷன் சீரியல் ம்யூசிக் மாதிரி இருக்கு. ஆனா 1989 லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் கச்சேரி, த்ரிலோக் குர்த்து, காய் எக்கார்ட்டோட, அது வேற ரகம். த்ரிலோக் தண்ணி வாளியில மணியை முக்கி எடுப்பார். இசையமைப்பாளரா சிம்ஃபனியோட கித்தார் கான்செர்ட்டோவும் எழுதியிருக்கார், நான் ரெண்டு தடவை முயற்சி பண்ணி ரெண்டு தடவையும் தூங்கிட்டேன், குத்தம் என்னுதாவும் இருக்கலாம்.

சென்னைல வந்து ஒரு ஆல்பமே பதிவு பண்ணியிருக்கார், 2008ல வெளிவந்துச்சு, ஃப்ளோட்டிங் பாயின்ட். ரஞ்சித் பாரோட் ட்ரம்ஸ், லூயிஸ் பேங்க்ஸ் கீபோர்டு, ஸ்ரீனிவாஸ் தம்பி ராஜேஷ் மாண்டலின், ஷஷாங்க் புல்லாங்குழல், சிவமணி. செல்வகணேஷோட சேர்ந்து கொன்னக்கோல், அதான் தாளச் சொல்லை வாயால சொல்றது, அதைச் சொல்லித்தர்ற டிவிடியும் போட்டார். என்கிட்ட வர்ற பசங்க கொன்னக்கோலைப் பார்த்து சிரிப்பானுங்க, தாத்தா காலத்து சமாச்சாரம்னு. இந்த வெள்ளைத் தலை மனுஷன் கை போட்டு தகதிமி சொல்றதைக் காட்டின பிறகுதான் உக்காந்தானுங்க. அதுல எனக்கு வருத்தமும் உண்டு, விக்கு சார் வீடியோவைக் காட்டினப்ப உக்காரலையே.

ஜனவரி 15, இரவு 10.15

மாட்டுப் பொங்கல். ரெண்டு நாளா வீட்டுல சொந்தக்காரங்க, போனைத் தொட முடியல.

மிருதங்க வாத்தியார் பத்தி சொல்லாம விட்டுட்டேன். நான் கத்துக்கிறதை நிறுத்தி ஆறேழு வருஷம் கழிச்சு, கித்தாரைத் தூக்கிட்டு அலையறான்னு கேள்விப்பட்டு அவருக்குக் கோவம். ஒரு நாள் துணிஞ்சு ஷக்தி முதல் கேசட்டை எடுத்துட்டு ஸ்ரீரங்கம் போனேன். திண்ணையில உக்காந்திருந்தார். வெத்தலை மடிச்சுக்கிட்டே, போடுன்னார். முதல் டுமுக்கே, "கடம் யாருடா, விநாயக்ராமா"ன்னார். அப்புறம் பேச்சே இல்ல. வெத்தலை மடியிலயே இருக்கு, சுண்ணாம்பு தடவின விரல் அப்படியே தொடையில தாளம் போடுது, வேட்டியெல்லாம் வெள்ளைக் கோடு. 18 நிமிஷம். தனி முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா வந்து விழுந்தப்ப நிமிர்ந்து பார்த்து, "கித்தார்காரன் எடத்துக்கு வந்துட்டான்"னார். அவ்வளவுதான். நல்லா இருக்குன்னு சொல்லல. போறப்ப கேசட்டை வெச்சுட்டுப் போன்னார். திருப்பியே தரல.

எடத்துக்கு வர்றதுன்னா சமத்துக்கு, அதான் தாளம் ஆரம்பிக்கிற முதல் தட்டுக்கு, சரியா வர்றதுன்னு சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் தாளம் தெரியாதவங்களுக்காக.

ஜனவரி 18, காலை 7

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கார்! மைல்ஸ் ரெக்கார்டிங் கேட்டாராம், "இது அதே ஆள்தானா"ங்கிறார். ஷக்தில மெதுவா ஒண்ணு சொல்லுங்கன்னு கேக்கறார்.

முதல் ஆல்பத்துல ரெண்டாவது, தாமரைப் பாதம்னு அர்த்தம் வரும் தலைப்பு, அஞ்சு நிமிஷம்கூட இல்ல. கித்தாரும் வயலினும் ஒரே ட்யூனை மாத்தி மாத்தி, அலட்டல் இல்லாம. இந்த ட்யூனை மஹாவிஷ்ணு பேர்ல வந்த கடைசி 70கள் ஆல்பத்துலயும் எலக்ட்ரிக் சத்தத்துல வாசிச்சிருக்கார், பின்னால வந்த ஷக்திலயும் வாசிச்சார். விடவே மாட்டார் அதை.

இன்னொண்ணு. கைல மூட்டுவாதம் வந்து, இனி அமெரிக்கா சுத்தி வர்றது இதோட கடைசின்னு 2017ல ஒரு டூர் போனார், பழைய மஹாவிஷ்ணு பாட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு. மூணு கித்தார் வாசிச்ச அதே வார்ஃபீல்டு தியேட்டர்ல, 37 வருஷம் கழிச்சு பதிவு பண்ணது ஆல்பமா கிடைக்குது. 75 வயசு, வலிக்கிற கை. அப்பவும் வேகம் குறையல, அதை உங்களுக்குச் சாதகமா எடுத்துக்கிட்டாலும் சரி. அதோட நிக்கவும் இல்ல, 2023ல ஷக்தி பேர்ல புது ஆல்பம், சங்கர் மகாதேவன் பாட்டு, கணேஷ் ராஜகோபாலன் வயலின், அடுத்த வருஷம் பிப்ரவரில கிராமி. ஜாகிர் அன்னிக்கு ஒரே ராத்திரில மூணு வாங்கினார். பத்து மாசம்தான், டிசம்பர் 15ல போயிட்டார்.

ஜனவரி 19, இரவு 11.50

ஒருத்தர் பிடிச்சுட்டார். வாத்தியார் கேசட்டைத் திருப்பித் தரலைன்னா அப்புறம் எப்படிக் கேட்டேன்னு. மறுபடி அதே கடைக்குப் போய் இன்னொண்ணு போட்டுக்கிட்டேன் சார், 25 ரூபா.

அதுலயும் ஒரு கூத்து. ஆல்பத்துல மொத்தமே மூணு உருப்படி. 18 நிமிஷம், அஞ்சு நிமிஷம், அப்புறம் 29 நிமிஷத்துக்கு ஒண்ணு. 60 கேசட்டுக்கு ஒரு பக்கம் 30. அப்ப மூணாவது ஆரம்பிச்சு ஏழு நிமிஷத்துல பக்கம் தீர்ந்துரும். கடைக்காரர் சட்டுன்னு வெட்டி, மிச்சத்தை மறுபக்கம் போட்டிருந்தார். ரொம்ப வருஷம் நான் அதை ரெண்டு தனி உருப்படின்னே நெனைச்சுக்கிட்டிருந்தேன், முதல் பாதி முடிவு எவ்வளவு தைரியமா சட்டுன்னு நிறுத்தறாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட லெக்சர் வேற அடிச்சிருக்கேன். சிடி வாங்கினப்பதான் குட்டு வெளிப்பட்டுச்சு.

இப்ப போன்ல ஓடிக்கிட்டிருக்கு, எழுதிக்கிட்டே கேக்கறேன். ஏழாவது நிமிஷம் தாண்டறப்ப கை தானா போனைத் திருப்பி வெக்குது. மனைவி பார்த்துட்டு என்னாச்சுன்னு கேக்கறா.